கத்தரிக்காமல் வெளியே போகாத துணி

கார்த்திகை மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை கலைச்செல்வி போன் செய்தாள்.

"யக்கா, பீரோ பின்னாடி சுவரு பூரா கரையான். வீட்டு ஓனரு மருந்தடிக்க ஆள் கூட்டினு வராராம். எல்லாத்தையும் காலி பண்ணிக் குடுக்கணுமாம். நீ வா. எனக்குத் தலைய சுத்துது."

தலை சுற்றுகிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறாள். பிரசவம் சிக்கலாகி, கூட வந்தவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து அழும்போதும் அவளுடைய குரல் உயராது என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். எங்கள் காலனியிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். பஸ்ஸில் யாராவது என் முகத்தைப் பார்த்து, "நர்சம்மாவோட அக்காவா நீங்க?" என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கூட வேண்டியிருக்காது.

நான் எட்டாவதோடு நின்றவள். செஞ்சி பஜாரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பக்கம் நிற்கிறேன். வாங்க வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குவதுதான் எங்கள் வேலையில் பாதி. அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள்.

செஞ்சியிலேயே திருவண்ணாமலை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவள், அவளுடைய கணவர் இளவழகன், ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் தமிழினி, மூன்றே பேர். மூன்று பேருக்கு மூன்று பீரோ. அதுவும் போதாமல் கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், பரணில் மூட்டைகள், கதவுக்குப் பின்னால் ஆணிக்கு ஆணி பைகள். மொட்டை மாடியில் காயப் போட்டால் குரங்குகள் இழுத்துக்கொண்டு போகின்றன என்று வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டியிருந்தார்கள். நான் உள்ளே போனபோது இளவழகன் ஒரு கையால் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து வந்தார்.

"வாங்கண்ணி. துணிங்கதான் இந்த வீட்டுல குடியிருக்குது. நாங்க அதுங்க கிட்ட உள்வாடகைக்கு இருக்கோம்."

"பேசாம போய் டீ வாங்கினு வாங்க" என்றாள் கலைச்செல்வி. அவர் மின்வாரியத்தில் வயர்மேன். கம்பத்தில் ஏறுகிறவருக்குத் தன் வீட்டுப் பரண் மீது ஏற மட்டும் பயம் என்று அவள் சொல்வாள். ஏறினால் மூட்டை சரிந்து தலையில் விழும்.

பாய்களை விரித்து ஒரு பீரோவை முழுவதுமாகக் கொட்டினேன். எனக்கு எடுத்து எடுத்துப் பார்ப்பது பிடிக்காது. முதலில் எல்லாம் வெளியே வர வேண்டும். பிறகு கட்டுகிறவை ஒரு பக்கம், கட்டாதவை ஒரு பக்கம், அளவு போதாதவை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் மீதி வேலை கைக்கு எளிது. அரை மணி நேரத்தில் அறை முழுவதும் துணி. கவர் பிரிக்காத சுடிதார்கள், விலை அட்டை கூட எடுக்காத புடவைகள், தமிழினி பால்வாடிக்குப் போட்டுக்கொண்டு போன கவுன்கள், இளவழகனுக்குத் தொப்பை விழுவதற்கு முன்பு தைத்த பேண்ட்டுகள். அடித்தட்டில் இருந்தவற்றில் மழை வாடை ஏறியிருந்தது.

அளவு போதாத பக்கம் மலையாகக் குவிந்தது. "இதுல பாதி நல்லா இருக்குது செல்வி. சாயம் கூடப் போவல" என்றேன்.

அவள் சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வீட்டுச் சட்டம் அது. உடுத்திய துணி முழுசாக அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கத்தரித்துத் துண்டாக்கிய பிறகுதான் அது கரித்துணியாகவோ கால்மிதியாகவோ ஆகலாம், அல்லது குப்பை வண்டிக்குப் போகலாம். அவ்வளவையும் கத்தரிக்கக் கைக்கு நேரம் ஏது? அதனால்தான் மூட்டை சேர்ந்தது.

"அம்மா, அது நல்லா இருக்குதும்மா" என்றாள் தமிழினி. டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், தன்னுடைய பழைய பூப்போட்ட பாவாடையைக் கத்தரி கடிப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். "வேணுங்கறவங்களுக்குக் குடுக்கலாம் இல்ல?"

"வேணுங்கறவங்களுக்குப் புதுசு வாங்கிக் குடுக்கறேன்."

"எத்தினி பேருக்கு வாங்குவ?"

"முடிஞ்ச வரைக்கும்."

"மீதிப் பேரு?"

கலைச்செல்வி கத்தரித்துக்கொண்டே இருந்தாள். துணி கிழிபடுகிற சத்தம் எனக்கு ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழினி என்னைப் பார்த்து, "பெரிம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

"டியூஷனுக்கு லேட் ஆவுது, போ கண்ணு" என்றுதான் சொன்னேன். எனக்குக் காரணம் தெரியும்.

எங்கள் அம்மா காத்தாயி, ஊருக்குள் ராமகிருஷ்ணன் என்பவரின் நிலத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வேலை செய்தவர். மாட்டுப் பொங்கல் அன்று அந்த வீட்டுப் பின்வாசலில் அம்மா முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார். ராமகிருஷ்ணனின் மனைவி ராஜம்மாள் வீட்டுப் பழைய துணிகளை மேலேயிருந்து அதில் போடுவார். கையில் கொடுக்க மாட்டார். அவருடைய சேலைகள் எனக்கும் அம்மாவுக்கும். அவருடைய மகள் பூங்குழலியின் பாவாடை சட்டைகள் கலைச்செல்விக்கு. நான் கட்டிக்கொண்டேன். துணி கிடைத்ததே என்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

கலைச்செல்வியும் பூங்குழலியும் ஒரே வகுப்பு. ஏழாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவுக்குக் கலர் டிரஸ் போட்டு வரலாம் என்றார்கள். இவள் ஒரு மயில் நிறப் பாவாடை உடுத்திப் போனாள். பூங்குழலி பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "செல்வி, ஒனக்கு நல்லா இருக்குது. எனக்கு இடுப்புல புடிச்சிது, அதான் அம்மா குடுத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். கேலியாக இல்லை. மனதாரத்தான் சொன்னாள் என்று கலைச்செல்வியே சொல்வாள். "அவ கேலி பண்ணியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன்கா" என்பாள்.

அன்று சாயங்காலம் அதைக் கழற்றிப் போட்டவள்தான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவசச் சீருடையைத் தவிர எதையும் உடுத்தவில்லை. ஞாயிறும் அதுதான், தீபாவளியும் அதுதான். எங்கள் மாமா கல்யாணத்துக்கும் சீருடையில் வந்தாள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வந்துட்டியா கண்ணு?" என்று எல்லாரும் கேட்டார்கள். "ஆமா" என்று தலையாட்டினாள். கல்யாணம் நடந்ததோ ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை பெண்ணோடு எடுத்த போட்டோவில் ஓரமாக அவள் மட்டும் ரெட்டைச் சடையும் சீருடையுமாக நிற்கிறாள். அம்மா திட்டினார், அடித்தும் பார்த்தார். நைனாதான், "உடு, அவ படிச்சி அவளே வாங்கிக் கட்டிப்பா" என்றார்.

அப்படியே ஆயிற்று. முதல் சம்பளத்தில் எங்கள் எல்லாருக்கும் துணி எடுத்தாள். ஒரு தடவை கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக அவளுடைய பட்டுப் புடவையை நான் கேட்டேன். அக்காள் தங்கைக்குள் இது எல்லா வீட்டிலும் நடப்பது. அவள் சரியென்று சொல்லிவிட்டு, மறுநாள் எனக்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். "நான் கட்டுனத நீ கட்டக் கூடாதுக்கா." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் புடவையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது பீரோவுக்கு வருகிறேன். மத்தியானம் தமிழினியின் தட்டைக் காலி செய்தேன். அவளுடைய சுடிதார்களை நிறம் பார்த்து அடுக்கும்போது நடுவில் ஒரு டாப்ஸ் மாட்டியது. சாம்பல் கலந்த நீலம், கழுத்தில் வெள்ளை நூல் வேலை. இரண்டு மூன்று வருஷமாவது உழைத்த துணி. அக்குளில் தையல் விட்ட இடத்தை யாரோ கையால், சின்னச் சின்னத் தையலாக, பொறுமையாக இணைத்திருந்தார்கள். தோள்பட்டை அளவு தமிழினிக்குக் கொஞ்சம் சின்னது.

"இது யாருதுடி?" என்று தூக்கிக் காட்டினேன்.

கலைச்செல்வி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அக்குள் தையலில் அவளுடைய விரல் நின்றது.

"கீழ் வீட்டம்மா போன வாரம் கேட்டாங்க. எங்க பொண்ணு காலேஜுக்குப் போட்டது நெறைய இருக்குது, தமிழினிக்கு ஆவுமான்னு. வேணாம்னு சொல்லிட்டேன். நான் டூட்டிக்குப் போனப்புறம் புள்ள கையில குடுத்துட்டாங்களாக்கா?"

"தெரியாம சொல்லாத. புள்ள வரட்டும், கேக்கலாம்."

"எம் பொண்ணுக்குப் பழசு குடுக்கறாங்களா?" அவள் கத்தவில்லை. அந்த அமைதியான ஆஸ்பத்திரிக் குரலில்தான் கேட்டாள். நான் கையை நீட்டுவதற்குள் கத்தரிக்கோல் கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் போய்விட்டது. பிறகு குறுக்கே. தையல் போட்ட கைப்பகுதி தனியாக விழுந்தது.

தமிழினி தூறலில் நனைந்துகொண்டு வந்தாள். பையை வைத்துவிட்டுத் தலையைத் துவட்ட ஒரு துணியைக் குனிந்து எடுத்தாள். அது அந்த டாப்ஸின் முதுகு.

"இத யாரு வெட்டுனது?"

"யாரு குடுத்தது, அத மொதல்ல சொல்லு" என்றாள் கலைச்செல்வி.

"இது ஈஸ்வரிதும்மா."

அங்காளேஸ்வரி இவளுடைய வகுப்புத் தோழி. அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறாள்.

"அவளோடத நான் போட்டுப்பேன், என்னோடத அவ போட்டுப்பா. கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் மாத்திப்போம். என் பச்சை சுடிதார் அவகிட்ட இருக்குது. புதன்கிழம அவங்க பெரிம்மா பொண்ணு கல்யாணம், அதுக்கு இதத்தான் போடணும்னு நாளைக்கு எடுத்தாரச் சொன்னா. அவகிட்ட நல்லதுன்னு இருந்ததே இது ஒண்ணுதான்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்திரிக்கோல எடுப்ப."

தமிழினி துண்டுகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

கலைச்செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஈஸ்வரின்னா தனகோட்டி பொண்ணா? கோயில் தெருவா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஊருக்குள்ள இருக்கறவங்க. அவங்களுக்குத் தெரியுமா, எங்கெங்கேர்ந்து துணி அவங்க வீட்டுக்கு வருதுன்னு?"

"உன்னத் தெரியாதவங்க யாரும்மா அந்த ஊர்ல?"

"நான் அதக் கேக்கல."

"நீ எதக் கேக்கறன்னு எனக்கும் தெரியும்" என்றாள் தமிழினி. "நாளைக்கு நீயே போய்ச் சொல்லு. நீ வெட்டுன. நான் வர மாட்டேன்."

மறுநாள் கலைச்செல்வி டூட்டி முடித்துப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். நான் கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டேன். பீரோவிலிருந்து கவர் பிரிக்காத சுடிதார் செட்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். நல்ல துணி, நானே எங்கள் கடையில் எடுத்துக் கொடுத்தது. இன்னொரு பையில் அந்தத் துண்டுகள்.

"அதெதுக்குடி எடுத்தாந்த?" என்றேன்.

"எதுவும் இல்லாம போய் வெட்டிட்டேன்னு சொன்னா, வெச்சினே குடுக்க மாட்டேங்கறாள்னு நெனைப்பாங்க."

தனகோட்டியின் வீடு கோயில் தெருக் கடைசியில், பாதி ஓடு, பாதி தகரம். ஊசி போட வருகிற நாட்களில் கலைச்செல்வி எந்த வீடானாலும் நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்குகிறவள். அன்று தெருவிலேயே நின்றாள். தனகோட்டி மல்லாக்கொட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா நர்சம்மா, மழையில வந்துக்கிறீங்க? யாருக்கு ஊசி?"

"ஊசி இல்லக்கா. ஒரு தப்பு நடந்துபோச்சு."

பையிலிருந்த துண்டுகளை எடுத்துக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கதவோரம் ஈஸ்வரி வந்து நின்றாள். ஒல்லியான பெண். துண்டுகளைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தனகோட்டி துண்டுகளை வாங்கி மடியில் வைத்து, எது எங்கே என்று சேர்த்துப் பார்த்தார். "நேராத்தான் வெட்டியிருக்கீங்க. டைலரு கூட இப்படி வெட்ட மாட்டான்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "ஏன் வெட்டுனீங்க?"

"யாரோ எம் பொண்ணுக்குப் பழசு குடுத்துட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

தனகோட்டி அக்குளில் தான் போட்ட தையலைத் தடவிக்கொண்டிருந்தார். "பழசுதான்" என்றார்.

கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். புதுச் சுடிதாரை நீட்டினாள். "இத வெச்சிக்கோங்கக்கா. ஈஸ்வரி அளவுதான்."

தனகோட்டி வாங்கவில்லை. அதற்குள் பக்கத்து வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. "இன்னா தனகோட்டி, நர்சம்மா சீர்வரிசை கொண்டாந்துக்கிறாங்களா?"

"ஆமாண்டி, ஒங்க மாமியாருக்கு ரெண்டாங் கல்யாணம். போய்ப் பந்தல் போடு" என்று தனகோட்டி திரும்பாமலே சொன்னார். தலை மறைந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு எங்களிடம் பேசினார்.

"புதுசு வேணாம்மா. இத வாங்கினா, நர்சம்மா எம் பொண்ணுக்குத் துணி எடுத்துக் குடுத்தாங்கன்னு இந்தத் தெரு ஒரு வருசம் பேசும். அவ தலை நிமிந்து பஸ் ஏற மாட்டா."

"அப்ப நான் இன்னாதான் செய்யறது, சொல்லுங்க."

தனகோட்டி யோசித்தார். பிறகு, வெட்கமில்லாமல், சந்தையில் கேட்கிற மாதிரி கேட்டார். "சுதந்திர தினத்துக்குக் கொடியேத்த வந்தப்ப மாம்பழக் கலர்ல ஒரு பொடவ கட்டினு வந்தீங்களே. கரும்பச்சை பார்டரு. எம் பொண்ணு வீட்டுக்கு வந்து அதையே சொல்லினு இருந்தா. அதக் குடுங்க."

கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "அது நான் கட்டுனதுக்கா."

"எம் பொண்ணுதும் கட்டுனதுதானே. கட்டுனதுக்குக் கட்டுனது. சரியாப் போச்சு."

"நான் கட்டுனத யாருக்கும் குடுக்கறதில்ல."

"நானும் யார்கிட்டயும் வாங்கறதில்லம்மா. நீங்க வெட்டிட்டீங்க, அதனால கேக்கறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பேசிப் பார்த்தேன். "ஒரு பொடவதானே. அவங்களே வாய விட்டுக் கேக்கறாங்க. ஊருக்குள்ள இருக்கறவங்க நம்ம வீட்டுப் பொடவயக் கேட்டு வாங்கறது சின்ன விசயமா?" எனக்கு உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது.

"ஒனக்கு அப்படித் தோணுது" என்றாள். "எனக்கு அந்தப் பொண்ணு மொகந்தான் தெரியுது. கட்டினு எங்க போனாலும் இது நர்சம்மாதுன்னு நெனைக்கும். என்ன எங்க பாத்தாலும் நெனைக்கும்."

"குடுக்கலன்னா கல்யாணத்துக்கு இன்னாத்தக் கட்டும்?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

அன்று ராத்திரி நான் அங்கேயே தங்கினேன். அவள் அந்தப் புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். அவளுக்கு மிகவும் பிடித்த புடவை அது. வீட்டில் நல்லது என்றால் அதுதான். ஒவ்வொரு முழமாக வெளிச்சத்தில் பிடித்துக் கறை இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். கொசுவம் படுகிற இடத்தில் லேசாக ஒரு தேய்மானம். அதை எனக்குக் காட்டி, "இது தெரியும் இல்ல?" என்றாள்.

"கட்டுன பொடவன்னா தெரியத்தான் செய்யும்."

துவைத்தாள், கஞ்சி போட்டாள். மழையில் வெளியே காயாது என்று மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை இழுத்து விரித்தாள். இளவழகன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குடுத்துடு செல்வி, போவட்டும்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாது. நீங்க பேசாதீங்க."

தமிழினி அம்மாவிடம் சாப்பாடு கேட்பதற்குக் கூட என் மூலமாகத்தான் கேட்டாள். இஸ்திரி போடும்போது ஒரு தடவை கலைச்செல்வியின் கண் மேசை மேல் இருந்த கத்தரிக்கோலுக்குப் போனதை நான் பார்த்தேன். அதை எடுத்து நான் முறத்துக்கு அடியில் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனோம். தனகோட்டி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். கலைச்செல்விக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. கட்டிலில் வைப்பதற்குக் குனிந்தாள், பிறகு வேண்டாம் என்று நிமிர்ந்தாள். என்னிடம் நீட்டப் பார்த்தாள். தனகோட்டி இரண்டு கையையும் நீட்டினார். கலைச்செல்வி புடவையை அந்தக் கைகளில் வைத்தாள். வைத்தவள் விடவில்லை.

"உடுங்க நர்சம்மா" என்றார் தனகோட்டி.

விட்டாள்.

"அந்தப் பச்ச சுடிதாரத் திருப்பித் தந்துடறோம்."

"அது கெடக்கட்டும்கா. புள்ளைங்க பாத்துக்கும்" என்று கலைச்செல்வி வேகமாகச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஈஸ்வரி வெளியே வருவதற்குள் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்கிற நடை. எனக்கு ஓட வேண்டியிருந்தது.

புதன்கிழமை கரையான் மருந்து அடிக்க ஆள் வந்தார். கலைச்செல்வி லீவு போட்டிருந்தாள். நாங்கள் துணியை எல்லாம் நடுக்கூடத்தில் மூட்டை கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினோம். மருந்து வாடை போகும்வரை வீட்டில் இருக்க முடியாது என்றார்கள். சரி, பாச்சை உருண்டையும் அலமாரித் தட்டுக்கு விரிக்கக் காகிதமும் வாங்கலாம் என்று சாயங்காலம் இரண்டு பேரும் பஜாருக்குப் போனோம். தமிழினி பள்ளிக்கூடம் விட்டதும் கல்யாண வரவேற்புக்குப் போவதாக எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பூக்கடைப் பக்கம் திரும்பும்போது கலைச்செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தில் இருந்த பாத்திரக் கடைக்குள், தொங்கிக்கொண்டிருந்த வாளிகளுக்குப் பின்னால், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நின்றாள்.

எதிரே ஈஸ்வரி வந்துகொண்டிருந்தாள். மாம்பழ நிறப் புடவை, தலை நிறைய மல்லிகை. கட்டிப் பழக்கமில்லாததால் கொசுவம் தரையில் புரண்டது. தமிழினி பக்கத்தில் வந்து, சேற்றுத் தண்ணீர் வருகிற இடத்தில் எல்லாம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னவோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். புடவை அந்தப் பெண்ணுக்கு எடுப்பாக இருந்தது. நான் கடையில் எத்தனையோ பேருக்குப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தவள். எனக்குத் தெரியும்.

"ஏண்டி ஒளியற? நீ இன்னா திருடிட்டியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவ என்னப் பாத்தா, ஒரு தரம் குனிஞ்சி அந்தப் பொடவயப் பாப்பாக்கா. இன்னிக்கி அது வேணாம்."

"அவ சிரிச்சினு போறா. அவளுக்கு அப்படியெல்லாம் இருக்காது."

"இருக்காதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

நானும்தான் ராஜம்மாளின் சேலையைக் கட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுடைய விரல்கள் என் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தன. பிரசவ அறையில் மற்றவர்கள் அவளுடைய கையை அப்படிப் பிடித்திருப்பார்கள்.

"இன்னாம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். கலைச்செல்வி ஒரு வாளியின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள். பெண்கள் இரண்டு பேரும் கல்யாண மண்டபத் தெருவுக்குத் திரும்பினார்கள். இனி அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். அவள் வெளியே வரவில்லை. கடைக்காரர் இன்னொரு தடவை கேட்டார்.